சுரங்கத்திலிருந்து வந்த பிடில்காரர்

நம் தாத்தா காலத்தில் வயலின் என்று யாரும் சொல்லமாட்டார்கள். பிடில் என்பதுதான் பேச்சு. கச்சேரி நோட்டீஸிலும் பிடில் என்று போட்டுத்தான் பக்கத்தில் வித்வான் பெயர் இருக்கும். பிறகு எப்படியோ வயலின் மரியாதையான சொல்லாகவும் பிடில் கேலிச் சொல்லாகவும் ஆகிவிட்டன. ரோம் எரிந்தபோது நீரோ மன்னன் பிடில் வாசித்தான் என்கிறோம். அவன் காலத்தில் அந்த வாத்தியமே கிடையாது என்பது வேறு கதை. புதுச்சேரியில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்த எங்களுக்கோ அது ‘வியோலோன்’.

அமெரிக்காவில் இந்த இரண்டு சொற்களும் இன்றும் உயிரோடு இருக்கின்றன. வாத்தியம் ஒன்றேதான், நாலு தந்தி, ஒரு வில். நோட்டுப் புத்தகத்தைப் பார்த்துச் சபையில் வாசித்தால் வயலின். அப்பாவிடமும் தாத்தாவிடமும் காதால் கேட்டுக் கற்று, ஊர் மக்கள் ஆடுவதற்கு வாசித்தால் பிடில். அப்படிப் பிடில் வாசித்தவர்களில் பெரிய பெயர் எடுத்த ஒருவரைப் பற்றித்தான் இன்று எழுதப்போகிறேன். அவர் பெயர் கென்னி பேக்கர். ‘ப்ளூகிராஸ்’ என்னும் இசையில் அவரைப் போல் வில் போட்டவர்கள் குறைவு. ஆனால் அவர் வாழ்க்கையில் என்னைப் பிடித்து நிறுத்தியது இசை மட்டுமல்ல. இவ்வளவு பெரிய கலைஞர் மேடையை விட்டுவிட்டுத் திரும்பத் திரும்ப நிலக்கரிச் சுரங்கத்துக்கு வேலைக்குப் போயிருக்கிறார். ஏன் போனார் என்பதை மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்திய நாம் எளிதாகப் புரிந்துகொள்ளலாம்.

முதலில் ப்ளூகிராஸ் என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். அது நூற்றாண்டுப் பழமையான இசை அல்ல. கென்டக்கி மாநிலத்து ரோசீன் என்னும் சிற்றூரில் 1911-இல் பிறந்த பில் மன்றோ என்பவர் உருவாக்கியது. கென்டக்கிக்கு ‘ப்ளூகிராஸ் மாநிலம்’ என்று பட்டப்பெயர் உண்டு. அதனால் அவர் தம் குழுவுக்கு ‘ப்ளூ கிராஸ் பாய்ஸ்’ என்று பெயர் வைத்தார். 1939-இல் நாஷ்வில் நகரத்து ‘கிராண்ட் ஓல் ஆப்ரி’ வானொலி நிகழ்ச்சியில் அந்தக் குழு இடம் பிடித்தது. 1945 டிசம்பரில் ஏர்ல் ஸ்க்ரக்ஸ் மூன்று விரலால் பாஞ்ஜோ மீட்டிக்கொண்டு வந்து சேர்ந்த பிறகு அந்த இசைக்கு முழு உருவம் கிடைத்தது. பின்னாளில் குழுவின் பெயரே அந்த இசை வகைக்கும் பெயராயிற்று.

மாண்டலின், பாஞ்ஜோ, கிதார், பிடில், நின்று வாசிக்கும் பெரிய பேஸ் ஆகிய ஐந்தும்தான் வாத்தியங்கள். மிருதங்கம் மாதிரியோ டிரம் மாதிரியோ தாள வாத்தியம் எதுவும் கிடையாது. மாண்டலின் தந்திகளை வெட்டுவது போல அடித்தே தாளத்தைப் பிடித்துவிடுவார்கள். பாட்டுக்கு நடுவில் ஒவ்வொருவரும் மைக் அருகே வந்து தனியாக ஒரு சுற்று வாசித்துவிட்டு விலகிக்கொள்வார்கள். நம் கச்சேரியில் பாடகர் நிரவல் பாடி முடித்ததும் பிடில்காரர் தம் பங்கை வாசிப்பது போலத்தான், ஆனால் வேகம் அதிகம். ஒரு பாட்டு மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். அதற்குள் பிடில்காரருக்குக் கிடைப்பது அரை நிமிடம். அந்த அரை நிமிடத்தில் அவர் யார் என்று காட்டிவிட வேண்டும்.

கென்னி பேக்கர் 1926 ஜூன் 26 அன்று கென்டக்கியின் கிழக்கு மலைப் பகுதியில், லெட்சர் கவுன்டியில், ஜென்கின்ஸ் நகரை ஒட்டிய பர்டீன் என்ற இடத்தில் பிறந்தார். ஜென்கின்ஸ் தானாக வளர்ந்த ஊர் அல்ல. 1911-12 வாக்கில் ஒரு நிலக்கரிக் கம்பெனி கட்டி எழுப்பிய ஊர். வீடு, கடை, ஆஸ்பத்திரி எல்லாம் கம்பெனியுடையவை. நெய்வேலி டவுன்ஷிப்பைப் பார்த்தவர்களுக்கு ஓரளவு மனதில் உருவம் வரும். ஆனால் நெய்வேலியில் மேலே வானம் தெரிய மண்ணை வெட்டி எடுக்கிறார்கள். அங்கே மலையைக் குடைந்து உள்ளே போக வேண்டும்.

அப்பாவும் பிடில்காரர், தாத்தாவும் பிடில்காரர். இருந்தும் பையன் முதலில் கையில் எடுத்தது கிதார். வீட்டில் வித்வான் இருந்தால் பிள்ளை வேறு வாத்தியத்தைத் தேடிப் போவது எல்லா ஊரிலும் உண்டு போலிருக்கிறது. பதினாறு வயதிலேயே கடற்படையில் சேர்ந்துவிட்டார். இரண்டாம் உலகப் போர்க் காலம். பசிபிக் பகுதியில், நியூகினியில் இருந்தபோது ஒரு நடன நிகழ்ச்சிக்குப் பிடில் வாசிக்க ஆள் தேவைப்பட்டது. இவரைக் கூப்பிட்டார்கள். அதற்குப் பிறகு சிப்பாய்களை மகிழ்விக்கும் பிரிவுக்கே மாற்றிவிட்டார்கள். வீட்டில் ஒதுக்கிவைத்த வாத்தியம் கடல் கடந்த இடத்தில் தேடி வந்து ஒட்டிக்கொண்டது.

போர் முடிந்து ஊருக்குத் திரும்பியதும் சுரங்க வேலைக்குப் போனார். பெத்லஹேம் ஸ்டீல் கம்பெனியின் நிலக்கரிச் சுரங்கம். பகலில் சுரங்கம், மாலையில் பிடில். அந்த நாளில் அவருக்குப் பிடித்தது மலைநாட்டுப் பாட்டல்ல, ‘ஸ்விங்’ என்ற ஜாஸ் வகை. கிளென் மில்லர், டாமி டார்சி போன்றவர்களின் பெரிய பாண்டு இசையையும் டெக்சாஸ்காரர் பாப் வில்ஸையும் விரும்பிக் கேட்டார். மேரியன் சம்னர் என்ற பிடில்காரரின் வாசிப்பு அவரை மிகவும் ஈர்த்தது. இவர்களோடு இன்னும் இரண்டு பெயர்களும் உண்டு. அவற்றைப் படித்தபோதுதான் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்: ஸ்தெஃபான் கிராப்பெல்லி, ஜாங்கோ ரேனார்.

இந்தப் பெயர்கள் எங்களுக்குப் பழக்கமானவை. எங்கள் தெருவில் ஒரு சொல்தா வீடு இருந்தது. வெளியூர் அன்பர்களுக்காகச் சொல்கிறேன்: பிரெஞ்சு ராணுவத்தில் சேர்ந்து உழைத்துவிட்டுப் பென்ஷனோடு திரும்பியவர்களைப் புதுச்சேரியில் சொல்தா என்போம். அவர் வீட்டு கிராமபோனில் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் பாரிஸ் இசைத்தட்டுகள் சுழலும். ஜாங்கோ ஒரு ஜிப்ஸி. 1928-இல் தீ விபத்தில் இடக்கையின் இரண்டு விரல்கள் செயல் இழந்தும், மீதி விரல்களால் கிதாரில் உலகத்தையே வியக்கவைத்தவர். பிடில் கிராப்பெல்லி. 1934-இல் இருவரும் சேர்ந்து பாரிஸில் ஆரம்பித்த ‘கேன்தெத் து ஹாட் க்லப் து ஃபிரான்ஸ்’ குழுவிலும் டிரம் கிடையாது. தந்தி வாத்தியங்கள் மட்டும்தான். அதே கிராப்பெல்லியோடு சேர்ந்து நம் எல். சுப்பிரமணியம் வாசித்த ‘கான்வர்சேஷன்ஸ்’ என்ற இசைத்தட்டு 1984-இல் வந்தது. பாரிஸில் ஒருவர் இழுத்த வில், கென்டக்கிச் சுரங்கத் தொழிலாளி ஒருவரின் காதிலும் கர்நாடக வித்வான் ஒருவரின் காதிலும் விழுந்திருக்கிறது.

கிராப்பெல்லியைக் கேட்டதன் பலன் பேக்கரின் வில்லில் தெரிந்தது. மலைநாட்டுப் பிடில்காரர்கள் பெரும்பாலும் வில்லைச் சின்னச் சின்னதாக, முன்னும் பின்னும் வெட்டி வெட்டிப் போடுவார்கள். ஆடுகிறவர்களின் காலுக்குத் தாளம் வேண்டுமே! பேக்கர் அப்படியல்ல. வில்லை முழு நீளத்துக்கும் இழுத்து, ஒரே இழுப்பில் பல சுரங்களைக் கோத்து வாசிப்பார். வேகம் குறையாது, ஆனால் அவசரம் தெரியாது. ‘நீண்ட வில்’ பாணி என்றே அதைச் சொல்வார்கள்.

1953 வாக்கில் டான் கிப்சன் என்ற பாடகரின் குழுவில் சம்னரின் இடத்துக்கு இவர் வந்தார். டென்னசி மாநிலத்து நாக்ஸ்வில் நகர வானொலியில் அந்தக் குழு வாசித்தது. அங்கேதான் பில் மன்றோவின் காதில் இவர் பிடில் விழுந்தது. 1957-இல் மன்றோவின் குழுவில் சேர்ந்து, அந்த ஆண்டிலேயே இசைத்தட்டுப் பதிவிலும் வாசித்தார். சுரங்கத் தொழிலாளிக்கு ஆப்ரி மேடை கிடைத்துவிட்டது. இனி என்ன கவலை என்று நினைப்போம்.

கவலை அப்போதுதான் ஆரம்பித்தது. 1954 ஜூலையில் எல்விஸ் பிரெஸ்லி என்ற பத்தொன்பது வயதுப் பையனின் முதல் இசைத்தட்டு வெளியானது. அதன் ஒரு பக்கத்தில் இருந்தது மன்றோ இயற்றிய வால்ட்ஸ் பாட்டுத்தான். அதையே வேகமாக்கி வேறு மாதிரி பாடியிருந்தார். மன்றோவுக்கு அதனால் ராயல்டி வந்தது. ஆனால் இளைஞர்கள் கூட்டம் முழுக்க ராக் அண்ட் ரோல் பக்கம் சாய்ந்துவிட்டது. பிடிலும் பாஞ்ஜோவும் வைத்துக்கொண்டிருந்த குழுக்களுக்கு நிகழ்ச்சிகள் குறைந்தன. குழுத் தலைவருக்கே வருமானம் தட்டுத்தடுமாறினால் உடன் வாசிப்பவர் நிலைமையைக் கேட்க வேண்டியதில்லை. நிகழ்ச்சி இருந்தால் பணம், இல்லாவிட்டால் இல்லை. காரில் இரவெல்லாம் நூற்றுக்கணக்கான மைல் ஓட வேண்டும். வீட்டிலோ மனைவி மக்கள்.

எதிர்த்தட்டில் சுரங்கம். ஆபத்தான வேலைதான். ஆனால் ஜான் லூயிஸ் என்ற தலைவரின் கீழ் சுரங்கத் தொழிலாளர் சங்கம் போராடி நல்ல கூலி வாங்கித் தந்திருந்தது. 1946-இல் தொழிலாளருக்கு வைத்தியத்துக்கும் ஓய்வுக்காலத்துக்கும் தனி நிதியே ஏற்பட்டுவிட்டது. பிடில்காரருக்கு எந்த நிதி இருந்தது? பேக்கர் மன்றோவை விட்டுச் சுரங்கத்துக்குத் திரும்பினார். மறுபடி மன்றோவிடம் வந்தார். மறுபடி சுரங்கம். பத்தாண்டுக்கு மேல் இப்படி இங்கும் அங்குமாக ஓடியது.

எனக்கு இதில் ஆச்சரியம் இல்லை. எங்கள் அலுவலகத்தில் எல்டிசியாக ஒருவர் இருந்தார். நாகஸ்வரக் குடும்பத்துப் பிள்ளை. ஆவணி, தை மாதங்கள் வந்தால் அவருடைய கேஷுவல் லீவு அத்தனையும் முகூர்த்த நாட்களிலேயே தீர்ந்துவிடும். இரவு முழுக்க ஊர்வலத்தில் வாசித்துவிட்டுக் காலை பத்து மணிக்கு உதடு வீங்கிப்போய் வந்து, கோப்பில் குறிப்பு எழுதுவார். ‘வேலையை விட்டுவிட்டு முழு நேரமும் வாசித்தால் என்ன?’ என்று ஒரு நாள் கேட்டேன். ‘சார், ஆடியிலயும் மார்கழியிலயும் எங்க வீட்ல உலை வைக்க வேணாமா?’ என்றார். பேக்கரைக் கேட்டிருந்தாலும் இதே பதிலைத்தான் அவர் மொழியில் சொல்லியிருப்பார். கலைக்காக எல்லாவற்றையும் துறந்தவர்களைப் பற்றி நிறையப் படிக்கிறோம். பிள்ளைகளுக்குச் சோறு போட்டுவிட்டுக் கலையையும் விடாமல் காப்பாற்றியவர்களைப் பற்றி அவ்வளவாக யாரும் எழுதுவதில்லை.

காற்று மெல்லத் திசை மாறியது. அறுபதுகளில் கல்லூரி மாணவர்களுக்குப் பழைய நாட்டுப்புற இசையின் மேல் ஆர்வம் பிறந்தது. 1965-இல் வர்ஜீனியா மாநிலத்து ஃபின்காசிலில் பல நாள் நடக்கும் முதல் ப்ளூகிராஸ் திருவிழாவைக் கார்ல்டன் ஹேனி என்பவர் நடத்தினார். 1967 முதல் இண்டியானாவில் பீன் பிளாசம் என்ற இடத்தில் மன்றோவே ஆண்டுதோறும் திருவிழா வைத்தார். ஜனங்கள் கூடாரம் அடித்துத் தங்கிக் கேட்டார்கள். நம் ஊரில் திருவையாற்று ஆராதனைக்குப் போய்த் தங்குவதைப் போல. குழுக்களுக்கு நிலையான வருமானம் வர ஆரம்பித்தது. 1968-இல் பேக்கர் மூன்றாம் முறையோ நான்காம் முறையோ மன்றோவிடம் வந்து சேர்ந்தார். இந்த முறை பதினாறு ஆண்டுகள் நிலைத்தார். முன்பு இருந்த காலத்தையும் கூட்டினால், மன்றோவிடம் அவரைவிட நீண்ட காலம் வாசித்தவர் வேறு யாரும் இல்லை.

அவர் விட்டு வந்த வேலை எப்படிப்பட்டது என்பதற்கு ஒன்று சொல்லவேண்டும். 1968 நவம்பரில் மேற்கு வர்ஜீனியாவின் ஃபார்மிங்டன் சுரங்கத்தில் வெடித்து 78 பேர் இறந்தார்கள். அதன் பிறகுதான் அமெரிக்க அரசு 1969-இல் கடுமையான சுரங்கப் பாதுகாப்புச் சட்டம் போட்டது. அப்படியும் 1976 மார்ச்சில், பேக்கர் பிறந்த அதே லெட்சர் கவுன்டியில், ஸ்கோஷியா சுரங்கத்தில் மூன்று நாள் இடைவெளிக்குள் இரண்டு முறை வெடித்து 26 பேர் போனார்கள். அந்தச் செய்தி வந்த ஆண்டில் பேக்கர் தலையில் அகன்ற தொப்பியும் கழுத்தில் டையுமாக மேடைகளில் நின்று வாசித்துக்கொண்டிருந்தார்.

மன்றோவுக்கும் பேக்கருக்கும் இருந்த உறவை விளங்கிக்கொள்ள மன்றோவின் தாய்மாமன் கதையைச் சொல்லவேண்டும். மன்றோவுக்குப் பத்து வயதில் தாய் போய்விட்டார். பதினாறு வயதில் தந்தையும் போய்விட்டார். வீட்டில் கடைசிப் பிள்ளை. கண் பார்வையும் சரியில்லை. அவரை வைத்துக் காப்பாற்றியவர் தாய்மாமன் பெண்டில்டன் வாண்டிவர். கோவேறு கழுதையால் ஏற்பட்ட விபத்தில் கால் ஊனமான மனிதர். பிடில் வாசிப்பார். ஊரில் நடன நிகழ்ச்சி எங்கே நடந்தாலும் மாமா பிடிலோடும் மருமகன் கிதாரோடும் போவார்கள். 1932-இல் மாமா இறந்தார். இசைத்தட்டில் ஒரு மெட்டுக்கூட அவர் பதிவு செய்யவில்லை. அவர் வாசித்த மெட்டுகள் அத்தனையும் மன்றோவின் ஞாபகத்தில் மட்டுமே இருந்தன.

மன்றோ வாசிப்பது மாண்டலின். பிடில் மெட்டுகளைப் பிடிலில்தான் பதிவு செய்ய வேண்டும். அதற்கு நம்பிக்கையான ஒரு கை வேண்டும். அந்தக் கையாக அமைந்தவர் பேக்கர். மன்றோ மாண்டலினில் வாசித்துக் காட்டுவார். பேக்கர் அதைக் கேட்டுப் பிடித்துக்கொண்டு வில்லுக்குக் கொண்டுவருவார். நோட்டு இல்லை, எழுத்து இல்லை, நம் குருகுலப் பாடம் போல வாய்க்கும் காதுக்கும் நடுவில் நடந்தது. ‘அங்கிள் பென்’ பெயரிலேயே 1972-இல் அந்த இசைத்தட்டு வெளிவந்தது. மாமா மறைந்து நாற்பது ஆண்டு கழித்து, அவரைக் கண்ணாலும் பார்க்காத ஒருவரின் வில்லில் அவர் மெட்டுகள் உயிர் பெற்றன. 1975-இல் பதிவான ‘ஜெருசலேம் ரிட்ஜ்’ மன்றோ இயற்றிய உருப்படி. நான்கு பகுதிகள் கொண்டது, சோகச் சாயல் உள்ளது. இன்றும் பிடில்காரர்கள் அதை வாசிக்கும்போது பேக்கர் வாசித்த வழியைத்தான் முதலில் பாடம் செய்கிறார்கள்.

தம் பெயரிலும் பேக்கர் இசைத்தட்டுகள் வெளியிட்டார். கவுன்டி ரெக்கார்ட்ஸ் என்ற சிறிய கம்பெனி அறுபதுகளின் கடைசியில் தொடங்கி எழுபதுகள் முழுக்க அவற்றைக் கொண்டுவந்தது. ‘வாஷிங்டன் கவுன்டி’, ‘ஃப்ராஸ்ட் ஆன் த பம்ப்கின்’ போன்ற அவருடைய சொந்த மெட்டுகள் அவற்றில் பிரபலமாயின. 1976-இல் மன்றோவின் மெட்டுகளை மட்டும் வைத்து ஒரு தட்டு போட்டார். அதில் மன்றோவே வந்து மாண்டலின் வாசித்தார். அந்தக் காலத்துப் பையன்கள் 33 சுற்றுத் தட்டைப் பாதி வேகத்தில் ஓடவிட்டு, ஒவ்வொரு சுரமாகப் பொறுக்கிக் கற்றுக்கொள்வார்கள். இன்றைய பிடில்காரர்கள் பலருக்கும் அவர் நேரில் பாடம் சொல்லாத வாத்தியார்.

இங்கே ஒரு சின்னச் செய்தி. வழக்கமாக மேலை நாட்டு வயலினில் நாலு தந்தியையும் நாலு வெவ்வேறு சுரத்தில் சேர்ப்பார்கள். நம் வித்வான்கள் ச-ப-ச-ப என்று சேர்க்கிறார்கள். கென்டக்கி மலைப் பக்கத்துப் பழைய பிடில்காரர்களும் சில மெட்டுகளுக்கு மட்டும் தந்தியை மாற்றிக்கட்டுவார்கள். அதில் ஒரு முறை அச்சாக நம் ச-ப-ச-ப தான். பாலுஸ்வாமி தீட்சிதர் காலத்தில் வெள்ளைக்காரரிடமிருந்து பிடிலை வாங்கிக்கொண்டவர்கள் நாம். எந்தத் தொடர்பும் இல்லாமல் இரண்டு இடத்திலும் ஒரே சேர்ப்பு வந்திருப்பது, சுருதியோடு சேர்ந்து ஒலிக்கவேண்டும் என்ற ஒரே ஆசையினால்தான் இருக்கும்.

1984 அக்டோபரில் அந்த நீண்ட கூட்டு முடிந்தது. அலபாமா மாநிலத்தில் ஒரு நிகழ்ச்சி. மேடையில் மன்றோவுக்கும் அவருக்கும் மனத்தாங்கல் வெடித்து, நிகழ்ச்சி நடந்துகொண்டிருக்கும்போதே பேக்கர் இறங்கிப் போய்விட்டார். மன்றோவுக்கு 73 வயது, பேக்கருக்கு 58. நம் மத்திய சர்க்கார் ஊழியர்களும் அப்போது 58-இல்தான் ஓய்வு பெற்றார்கள். 60 ஆனது 1998-இல். நமக்கானால் மாலை, சால்வை, பிரிவுபசாரக் கூட்டம், நாலு பேர் பேச்சு எல்லாம் உண்டு. அவருக்கு ஒன்றும் இல்லை. இத்தனை வருஷம் ஒரே ஆளின் பின்னால் நின்று வாசித்தவர் ஒரே நாளில் போய்விட்டாரே என்று சிலர் குறை சொல்லலாம். ஒரே மேலதிகாரியின் கீழ் பதினாறு ஆண்டு உட்கார்ந்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள்.

இறங்கிப் போனவர் பிடிலைக் கீழே வைக்கவில்லை. ஜாஷ் கிரேவ்ஸ் என்ற நண்பரோடு சேர்ந்து வாசித்தார். கிரேவ்ஸ் வாசித்தது டோப்ரோ. கிதாரை மல்லாத்தி வைத்து, உலோகக் கட்டையைத் தந்திமேல் நகர்த்தி வாசிப்பது. நம் கோட்டு வாத்தியத்தின் தூரத்து உறவு எனலாம். பிறகு எட்டி ஆட்காக், ஜெஸ்ஸி மெக்ரெனால்ட்ஸ் ஆகிய இருவரும் சேர்ந்துகொள்ள, ‘த மாஸ்டர்ஸ்’ என்ற பெயரில் நான்கு மூத்தவர்களாக வாசித்தார்கள். 1993-இல் அமெரிக்க அரசின் தேசிய மரபுக் கலைஞர் விருது அவருக்குக் கிடைத்தது. 1999-இல் ப்ளூகிராஸ் இசைச் சங்கத்தின் பெருமைக்குரியோர் வரிசையில் பெயர் ஏறியது. மன்றோ 1996-இல் காலமானார். பேக்கர் பக்கவாதத்துக்குப் பின் 2011 ஜூலை 8 அன்று டென்னசியில் தம் 85-ஆம் வயதில் காலமானார்.

அன்பர்களே, இவர் வாசிப்பை இன்று வீட்டில் உட்கார்ந்தே கேட்கலாம். பேரப் பிள்ளைகளிடம் சொன்னால் கைப்பேசியில் தேடி எடுத்துத் தருவார்கள். முதல் தடவை கேட்கும்போது எல்லாம் ஒரே மாதிரி வேகமாக ஓடுவதாகத் தோன்றும். பாஞ்ஜோவையும் பாட்டையும் விட்டுவிட்டு வில்லை மட்டும் காதால் பின்தொடருங்கள். நிலக்கரி அள்ளிய கை அது என்று யாராவது சொன்னால்தான் நம்புவோம், அவ்வளவு மென்மை. வாரம் முழுக்க மலைக்கு அடியில் வேலை செய்த நாட்களில் அவர் அதை எங்கே பத்திரப்படுத்தி வைத்திருந்தாரோ! எங்கள் அலுவலக நாகஸ்வரக்காரர் தம் சீவாளிகளை ஒரு சின்ன வெற்றிலைப் பெட்டியில் போட்டு, கோப்புகளுக்குப் பின்னால் மேசை இழுப்பறையில் வைத்திருப்பார். மத்தியானச் சாப்பாட்டு வேளையில் எடுத்துத் துடைத்துவிட்டு மறுபடி உள்ளே வைத்துக்கொள்வார்.